செஞ்சிக் கோட்டை

தென்னார்க்காட்டுச் சீமையின் பழம்பெருங் கோட்டையாகிய செஞ்சியில் முதலிற் கண்ணுக்குப் புலனாவன இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும், அவற்றை முக்கோணமாய்ப் பிணைக்கும் மதிலுமேயாம். சுமார் 800 அடி உயரமுள்ள இராஜகிரியில் நாம் ஏறியகாலை, உச்சிக்கருகே ஆழ்ந்ததொரு பிளவு வழிமறிக்கக் கண்டோம். அக்காலத்தில் அதன்மீதிட்ட மரப்பாலத்தை நீக்கிவிட்டால், ஒரு சிலரே பெரும்படையைத் தடுத்தல் கூடும். மேலே சுனைநீரும் களஞ்சியமும் உண்டு. ஆதலினன்றோ 1690-இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகை 1698 வரை நீண்டது! எனினும், 1750-இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையினர் ஓரிரவிலேயே இதனைக் கைப்பற்றினர். அரண் மாறவில்லை, காப்போரே மாறினர். கல்லினும் காவலரின் விழிப்பே உறுதியான மதிலென்பதை இறங்குங்கால் உணர்ந்தோம்.