துணி எட்டாத மூலை

அமெரிக்காவில் ஓர் உணவகச் சமையற்கட்டுக்குள் போய், அங்குள்ள எவர்சில்வர் தொட்டியின் உள்மூலையில் விரலை வைத்துப் பாருங்கள். பக்கச் சுவரும் அடித்தகடும் சேரும் இடம் கூராக இருக்காது, வழவழவென்று வளைந்து போகும். அந்த வளைவின் ஆரம் குறைந்தது 3.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. கூரான மூலைக்குள் மாவும் கொழுப்பும் புகுந்துவிடும், துடைக்கும் துணி புகாது.

புகுந்தது அங்கேயே தங்கினால் பாக்டீரியாக்கள் பெருகி, பிசின் போன்ற படலத்தைத் தம்மேல் போர்த்திக்கொள்ளும். பிறகு மேலோட்டமாக மருந்துத் தண்ணீரை ஊற்றினால் அவை சாகாது. 2008-இல் கனடாவில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா 22 உயிர்களைக் கொண்டுபோனது. டொராண்டோ ஆலை ஒன்றில், இறைச்சி சீவும் இயந்திரங்களின் உள்ளே வழக்கமான கழுவலுக்கு எட்டாத ஆழத்தில் அது தங்கியிருந்ததே காரணமாக இருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது.

இத்தகைய இடுக்குகளை, இயந்திரம் செய்யும் பட்டறையிலேயே ஒழிக்கப் பிறந்ததுதான் சுகாதாரச் சான்று. 1944-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளியில் தொடங்கிய அமைப்பு இன்று என்.எஸ்.எஃப். என்று அறியப்படுகிறது. சோடாக் கடை, சிற்றுண்டிக் கடைச் சாதனங்களுக்கான அதன் முதல் தரவிதி 1952-இல் வந்தது.

அந்த விதிகள் இயந்திரத்தை மூன்று பகுதிகளாகப் பார்க்கின்றன: உணவு நேராகப் படும் இடம், உணவு தெறிக்கும் இடம், மற்ற இடம். கெடுபிடி அதிகம் முதல் பகுதிக்குத்தான். அங்கே துருப்பிடிக்கும் உலோகம் கூடாது, நச்சுப் பொருள் கசியக் கூடாது, திருகின் மரை வெளியே தெரியக் கூடாது. குளிர்பெட்டி என்றால் சோதனை வேறு. 38 டிகிரி செல்சியஸ் வெக்கையுள்ள அறையிலும் உள்ளே சுமார் 4 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். அடுப்பனல் வீசும் சமையற்கட்டில் நிற்கப்போகிற பெட்டி அல்லவா!

சுகாதாரச் சான்று இருந்தால் மின்சாரப் பாதுகாப்பும் உண்டு என்று நினைப்பது பெரிய தவறு. ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா, விரலை வெட்டுமா என்பவை தனிக் கேள்விகள். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் மின்விளக்கு அமைப்புகளில் தீ அபாயத்தை ஆராய வந்த வில்லியம் ஹென்றி மெரில் என்ற இளம் மின்பொறியாளர், மறு ஆண்டே ஒரு சோதனைக்கூடத்தைத் தொடங்கினார். அதுவே யு.எல். ஆனது. இன்று யு.எல். நிறுவனமும், இ.டி.எல். முத்திரை தரும் இன்டர்டெக் நிறுவனமும் மின்பாதுகாப்பு, சுகாதாரம் இரண்டையுமே சோதிக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் முத்திரை வெவ்வேறு. எனவே நிறுவனத்தின் பெயரைப் பார்த்ததும் திருப்தியடையாமல், எதற்கான முத்திரை என்று படிக்க வேண்டும்.

வாங்குபவர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'தரவிதிப்படி தயாரித்தது' என்பது விற்பவர் சொல்வது. 'சான்று பெற்றது' என்றால் வெளி நிறுவனம் ஒன்று சோதித்திருக்கிறது என்று பொருள். என்.எஸ்.எஃப். ஆண்டுதோறும் தொழிற்சாலைக்கு முன்னறிவிப்பின்றி ஆள் அனுப்பிப் பார்க்கிறது. சான்று பெற்ற மாடல்களின் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பணம் கொடுக்கும் முன் மாடல் எண்ணை அதில் தேடிவிடுவது நல்லது.

சான்று பெற்ற இயந்திரமும் தானாகச் சுத்தமாகாது. சாதாரண அறை வெப்பத்தில் இறைச்சி சீவும் ஸ்லைசரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கழற்றிக் கழுவ வேண்டும் என்கிறது அமெரிக்காவின் உணவு விதித்தொகுப்பு. நெரிசலான மதிய வேளையில் அதைச் செய்கிற பணியாளருக்கு நேரமும் பயிற்சியும் கொடுப்பது முதலாளியின் கடமை. அந்த நேரத்தைக் கொடுக்காவிட்டால், 3.2 மில்லிமீட்டர் வளைவிலும் அழுக்கு தங்கத்தான் செய்யும்.