"நேத்து வந்ததுங்க!" தண்ணீர் லாரி வரிசையில் கிராமத்துப் பெண்கள் வாங்கிய ஏச்சு

சென்னை, 2019 ஜூன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்த நேரம். தெருவுக்குள் தண்ணீர் லாரி நுழைந்தால் போதும், குடங்கள் முட்டிக்கொள்ளும். கூடவே வாய்ச்சண்டையும்!

"காலங்காலமா நாங்க இங்க கீறோம். நேத்து பஸ் ஏறி வந்ததுங்க முன்னாடி நிக்குதுங்களே!"

உள்ளூர்க்காரர்கள் இப்படி ஏசினால், கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த கிராமத்துப் பெண்கள் என்ன செய்வார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போய் நிற்பார்கள். குடியிருக்கும் வீட்டிலும் அதே கதைதான். "ரெண்டு குடத்துக்கு மேல கூடாது" என்பார் வீட்டுக்காரர்.

சரி, அந்தத் தண்ணீர் எந்த ஊருடையது?

அந்தக் கோடையில் நகரத்துக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று வீராணம் ஏரி. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம், சோழர் காலத்தில் வெட்டியது. அங்குள்ள நெல் வயல்களுக்கும் அதுதான் பாசனம். 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியே அந்தத் தண்ணீர் சென்னைக்கு வருகிறது.

அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி வரிசையில் நின்றிருந்தால், திருப்பிக் கேட்க அவளுக்கு ஒரு வார்த்தை இருந்தது:

"அக்கா, இது எங்க ஊரு ஏரித் தண்ணி. நான் பஸ்ல வந்தேன், அது குழாயில வந்துச்சு. அவ்வளவுதான்!"