பக்கி கொட்டகையில் நம் தோழர்கள்: வண்டியும் வாழணும், ஆளும் வாழணும்

செனாய் வட்டாரத்தில் ஒரு காலத்தில் பக்கம் பார்த்த இடமெல்லாம் ரப்பரும் செம்பனையும்தான். 1974-ல் விமான நிலையம் வந்தது. பிறகு தொழிற்சாலைகள் வந்தன, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பாம் ரிசார்ட் போன்ற கோல்ஃப் திடல்களும் உருவாயின. பால் வாளி தூக்கிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் புல் வெட்டவும், பக்கி வண்டி துடைக்கவும், கழுவவும், ஓட்டவும் போனார்கள். இன்றும் போகிறார்கள். மின்சார பக்கிகள் பெருகிவிட்டாலும் பெட்ரோல் பக்கிகள் இன்னும் ஓடத்தான் செய்கின்றன. தோட்டத்திலேயே மேனேஜர் சுற்றிவரவும் சாமான் ஏற்றவும் அவற்றை வைத்திருக்கிற இடங்களும் உண்டு.

ஒரு மழைக்கால மாலையில், இந்தப் பக்கத்தில் ஒரு பக்கி கொட்டகைக்கு நாம் போயிருந்தோம். சாரல் அடிக்கிறதென்று கதவை இழுத்து மூடியிருந்தார்கள். உள்ளே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அண்ணன், நின்றுபோன பக்கிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பி, முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, முகமெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றோம்.

"தலை கிறுகிறுங்குது தம்பி. மத்தியானம் சாப்பிடல, அதான் போல. இந்த வண்டிங்க ஸ்டார்ட் ஆகலன்னா சம்பளத்துல பிடிப்பேன்னு சொல்லிட்டாங்க."

பசி இல்லை, தோழர்களே! அது புகை. அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, கதவை முழுக்கத் திறந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் தெளிந்தார். உடனே கிளினிக்குக்கும் அனுப்பினோம்.

பெட்ரோல் எஞ்சின் விடுகிற புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் இது ஏறி உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி, தூக்கம், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. ஜன்னல் திறந்திருக்கிறதே என்று நம்பக் கூடாது. பக்கியைக் கையால் வெளியே தள்ளிவந்து, அங்கேதான் கிளப்ப வேண்டும். இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் தீ. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். கொட்டகை மூலையில் சாமி படத்துக்கு ஏற்றிய விளக்கு, கொசுவத்தி, சிகரெட் எதுவானாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். சாமி விளக்கை வெளியே வையுங்கள், சாமி கோவிச்சுக்காது. மினரல் தண்ணி போத்தலில் பெட்ரோல் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். குழந்தை எடுத்துக் குடித்தால் யார் பதில் சொல்வது?

குழந்தை என்றதும் இன்னொன்று. பெரும்பாலான பெட்ரோல் பக்கிகளில் சாவி திறந்திருந்தால், பெடலை மிதித்தவுடனே எஞ்சின் கிளம்பி வண்டி நகரும். காரைப் போல உறுமிக்கொண்டு நிற்காது. சத்தமில்லையே என்று சாவியை விட்டுப் போனால், விளையாட வந்த பிள்ளை மிதித்துவிடும். இறங்கும்போதே சாவி நம் சட்டைப் பைக்குள் வர வேண்டும்.

இனி வண்டியை நிறுத்தி வைப்பது. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, நாட்டில் எத்தனையோ வண்டிகள் போட்டது போட்டபடி நின்றன. அப்படி நின்ற எஞ்சினில் முதலில் கெடுவது பெட்ரோல்தான். சில மாதத்தில் அது பழசாகிப் பிசினாகும். கார்புரேட்டரின் மயிரிழைத் துளைகளை அடைக்கும். அதனால் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறதென்றால்:

டாங்கியைப் புது பெட்ரோலால் நிரப்புங்கள். பாதி காலியாக விட்டால் உள்ளே ஈரம் வேர்க்கும். பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்து கடையில் கிடைக்கும். அளவு பார்த்து ஊற்றி, வெளியே பத்து நிமிடம் ஓட்டுங்கள். பெட்ரோல் குழாயை அடைக்கும் திருகு இருந்தால் அடைத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள்.

எஞ்சின் எண்ணெயை நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள். பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலம் நிற்கிற காலமெல்லாம் உள்ளே அரிக்கும். எண்ணெய் மாற்றும்போது டிரைவ் பெல்ட்டில் ஒரு சொட்டும் படக்கூடாது. பட்டால் பெல்ட் வழுக்கும்.

பேட்டரியில் கழிவு, அதாவது நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். முனையில் பூக்கும் வெள்ளைப் பொடியைச் சோடா மாவு கரைத்த தண்ணியால் கழுவலாம். கண்ணாடி, கையுறை வேண்டும். மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள். அப்போது வரும் வாயுவும் தீப்பிடிக்கும்.

கை பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிளாஸ்டிக் விரிப்பால் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும்.

கடைசியாக எலி. செம்பனைக்குப் பக்கத்தில் எலிக்குப் பஞ்சமா? காற்று வடிகட்டிக்குள் கூடு கட்டும், வயரைக் கடிக்கும். நிறுத்திவைத்த வண்டியைக் கிளப்பும் முன் இருக்கையைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். எலியைத் தேடி வந்த பாம்பும் இருக்கலாம்.

சரி, அந்த அண்ணன் சொன்ன சம்பளப் பிடித்தம்? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-வது பிரிவு, எதற்கெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. வண்டி கெட்டுப்போச்சு என்று முதலாளி தன் விருப்பத்துக்குப் பிடிக்க அதில் இடமில்லை. பிடித்தால், சம்பளச் சீட்டோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1-ல் அமலுக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று சொல்லியும் முதலாளி கவனிக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலக நமக்கு உரிமை உண்டு. வேலையில் மயக்கம் வந்தால் உடனே மேலிடத்தில் சொல்லி, கிளினிக் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சொக்சோவுக்கு அது வேண்டும்.

வெட்டுக்கத்தியைத் தீட்டாமல் நம் பெரியவர்கள் காட்டுக்குப் போனதில்லை. இன்று கையில் இருப்பது சாவி. அந்தக் கவனம் மட்டும் மாற வேண்டாம். இன்று மாலை வேலை முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள்: உங்கள் கொட்டகைக் கதவு முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லையென்றால், நாளைக் காலை பெரட்டிலேயே கேளுங்கள்.