வீட்டுக்கு ஒரு மடிக்கணினி: வாங்கப் போகுமுன்

காலபோக நெல்லை விற்றுக் கடைக்கடனையும் கட்டி முடித்தபின் கையில் மிஞ்சுகின்ற காசுக்குப் பல தேவைகள் காத்திருக்கின்றன. கூரைக்குத் தகரம், கிணற்றுக்குக் கட்டு, அடுத்த போகத்துக்கு விதைநெல். அண்மைக் காலமாக இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கின்றது. உயர்தரம் படிக்கும் மகளோ, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மகனோ "அப்பா, லப்டொப் ஒன்று வேணும்" என்று கேட்கின்றனர். கேட்பது நியாயமா, வாங்குவதாயின் எதை வாங்குவது என்று தெரியாமல் பல பெற்றோர் தடுமாறுகின்றனர். கடைக் கண்ணாடிக்குள் எல்லாம் ஒரே மாதிரித்தான் மினுங்குகின்றன.

எமது பகுதிக்கு மின்சாரமே பழைய உறவல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் ஏறக்குறைய 20 ஆண்டுகள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தேசிய மின்விநியோகம் இருக்கவில்லை. ஜாம் போத்தலில் திரியிட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். அக்காலத்தில் எந்தப் பொருளை வாங்கினாலும் எமது முதற் கேள்வி, "பழுதானால் இங்கேயே திருத்தலாமா?" என்பதுதான். மடிக்கணினி வாங்கும்போதும் அதுவே முதற் கேள்வியாக இருக்கவேண்டும் என்பது எமது உறுதியான அபிப்பிராயம்.

யாருக்குத் தேவை?

எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பெரும்பாலான பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே பாடங்களைப் பெற்றனர். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலுள்ள தமிழ்மொழிப் பாடங்களையும் இன்றும் தொலைபேசியில் வாசிக்க முடியும். 5ஆம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதும் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுப்பது காசை வாய்க்காலில் விடுவதற்குச் சமம். இதை நாம் வெறுமனே சொல்லவில்லை. ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மலிவு மடிக்கணினி கொடுக்கும் திட்டமொன்று 2005இல் அறிவிக்கப்பட்டது. தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாடு அதை நம்பி இலட்சக்கணக்கில் வாங்கியது. கணிதத்திலும் மொழியிலும் அப்பிள்ளைகளின் புள்ளிகள் உயரவில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு கூறியது.

ஆனால் தகவல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாக எடுத்தவர்கள், 2013இல் அறிமுகமான உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் படிப்பவர்கள், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள பொறியியல், விவசாய பீடங்களுக்கோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவுக்கோ போகின்றவர்கள் ஆகியோரின் நிலை வேறு. அறிக்கை எழுதவும் கணக்குப் போடவும் தொலைபேசித் திரை போதாது. கமக்காரர் அமைப்பினதோ மாதர் சங்கத்தினதோ கணக்கை எழுதும் செயலாளருக்கும் அப்படியே.

மேசைக் கணினி மலிவுதானே என்று சிலர் கேட்கின்றனர். அது உண்மையே, திருத்துவதும் சுலபம். ஆயினும் சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பாமல் உறவினர் வீட்டிலும் வாடகை அறையிலும் இருப்பவர்கள் தூக்கிக்கொண்டு போகக்கூடியதையே வாங்குவது நல்லது. மின்சாரம் போன கணத்தில் மேசைக் கணினி அணைந்துவிடும். மடிக்கணினி பற்றரியில் ஓடும். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

புதியதா, பாவித்ததா?

2022க்கு முன் ஒரு டொலர் 200 ரூபாவளவில் இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. அதிலிருந்து புதிய மடிக்கணினி ஏழை வீட்டுக்கு எட்டாத பொருளாகியது. இந்நிலையில் கடைகள் இரண்டு வழிகளைக் காட்டுகின்றன. ஒன்று, விலை குறைந்த புதியது. மற்றது, வெளிநாட்டு அலுவலகங்கள் சில ஆண்டுகள் பாவித்துக் கழித்துவிட்ட, அலுவலகப் பாவனைக்கென உறுதியாகச் செய்யப்பட்ட இயந்திரம்.

எமது சாய்வு இரண்டாவதின் பக்கமே. மிக மலிவான புதியவற்றில் செலரோன் போன்ற மெதுவான செயலியும், 4 ஜிபி நினைவகமும், பலகையோடு ஒட்டவைத்த 64 ஜிபி சேமிப்பகமும் இருக்கும். இவற்றைப் பின்னர் கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. பெட்டி புதிது என்பதைத் தவிர வேறு சிறப்பில்லை. மாறாக லெனோவோ திங்க்பாட், டெல் லற்றிடியூட், எச்பி எலைற்புக் போன்ற அலுவலக வகைகளுக்குப் பற்றரி, விசைப்பலகை, திரை, விசிறி எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். திருத்துபவர்களுக்கும் அவை பழக்கமானவை. கிராமத்தில் எல்லோரும் ஒரே வகை நீரிறைக்கும் இயந்திரத்தை வைத்திருப்பது ஏன்? அதன் உதிரிப்பாகம் சந்திக் கடையில் கிடைக்கும் என்பதனால் அல்லவா!

இப்படிக் கேட்டுப் பாருங்கள். "தம்பி, இது பழுதானால் எங்கை திருத்துறது?" "அம்மா, அதைக் கொழும்புக்கு அனுப்பவேணும், ரெண்டு மூண்டு கிழமை செல்லும்." "அனுப்புற செலவு ஆருக்கு?" இந்த மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், அந்த உத்தரவாத அட்டையின் பெறுமதி குறைவு என்று கொள்ளலாம்.

உள்ளே என்ன இருக்கவேண்டும்?

நினைவகம் 8 ஜிபி. சேமிப்பகம் 256 ஜிபி அளவில் எஸ்எஸ்டி வகை. பழைய சுழலும் வன்தட்டு உள்ளதை வாங்கவேண்டாம். அதற்குள்ளே தட்டு வேகமாகச் சுழல, அதன்மேல் மயிரிழை உயரத்திலும் குறைவாக ஓர் ஊசி மிதந்து வாசிக்கின்றது. கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகும் பொருளுக்கு அது ஒத்துவராது. எஸ்எஸ்டியில் அசையும் பாகமில்லை, வேகமும் பல மடங்கு.

செயலியைப் பற்றி ஒரு சூட்சுமம் உண்டு. கடைக்காரர் "ஐ5" என்று மட்டும் சொல்வார். அது போதாது. பத்து வருடத்துக்கு முந்தியதும் ஐ5தான். அதற்கு அடுத்துவரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை, 10210 என்றால் பத்தாம் தலைமுறை. 6, 7 என்று தொடங்கினால் பழையது. இது ஏன் முக்கியம் என்றால், 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஓ பொதுவாக எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியதையுமே ஏற்கின்றது. இதனால் ஏழாம் தலைமுறைக்கு முற்பட்டவை மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. அப்படி ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால் எறியவேண்டாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்களைப் போட்டால் கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், இணையம் பார்க்கவும் இன்னும் சில வருடம் உழைக்கும். காசு கொடுத்து மட்டும் அதை வாங்கவேண்டாம்.

பாவித்ததைச் சோதிப்பது

மாட்டை வாங்கும்போது பல்லைப் பார்க்காமல் வாங்குவதில்லை. இதற்கும் அரை மணித்தியாலம் கடையிலேயே இருங்கள். விபரம் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு இயக்கச் சொல்லுங்கள், பற்றரியின் உண்மை நிலை அப்போது தெரியும். பற்றரி அறிக்கை ஒன்றைக் கணினியிலேயே எடுக்கலாம். செய்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிறையும் கொள்ளளவும் அதில் இருக்கும். இரண்டாவது முதலாவதின் அரைவாசிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பற்றரியின் விலையை மொத்த விலையில் கழிக்கக் கேளுங்கள். ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பாருங்கள். திரையை மெல்லத் திறந்து மூடிப் பிணைச்சலைக் கவனியுங்கள். வெள்ளை நிறத்தையும் கறுப்பு நிறத்தையும் திரை முழுவதும் வரச்செய்தால் கறைகள் தெரியும். கமரா, ஒலிவாங்கி, யூஎஸ்பி வாய்கள், வைபை எல்லாவற்றையும் பாருங்கள்.

இன்னொன்றைப் பலர் பார்ப்பதில்லை. அலுவலகங்களிலிருந்து வந்த சில இயந்திரங்களில் பழைய நிறுவனத்தின் கடவுச்சொற் பூட்டு உள்ளே அப்படியே கிடக்கும். இன்று வேலை செய்யும், ஒருநாள் இயங்குதளத்தைப் புதிதாகப் போடும்போது கதவு பூட்டிக்கொள்ளும். அடிப்படை அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

பற்றுச்சீட்டில் வகைப் பெயர், தொடரிலக்கம், உத்தரவாதக் காலம் மூன்றும் எழுதப்பட்டிருக்கவேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்கீழ் வியாபாரியின் கடமை. முறையிடுவதற்கு 1977 என்ற இலக்கம் உண்டு.

வெளிநாட்டு உறவுகள் அனுப்புவது பற்றியும் சொல்லவேண்டும். மாமா ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்ததில் விசைகள் வேறு ஒழுங்கில் இருக்கும். பிரான்சிலிருந்து வந்தால் இன்னும் குழப்பம். கனடாவில் 120 வோல்ற் மின்சாரம், இங்கே 230. மடிக்கணினிச் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வரை ஏற்கும், என்றாலும் சார்ஜரில் அச்சிட்டிருப்பதை வாசித்த பின்னரே செருகவேண்டும். அங்குள்ள உத்தரவாதம் பெரும்பாலும் இங்கே செல்லாது. அனுப்ப விரும்புபவரிடம், முடிந்தால் அந்தக் காசை அனுப்பும்படி தயங்காமல் கேளுங்கள். கோபிக்கமாட்டார்கள்.

வெயில், தூசு, மின்னல்

எமது காலநிலையில் மடிக்கணினியின் முதல் எதிரி வெப்பம். பற்றரியை அது விரைவில் முதுமையாக்கும். தகரக் கூரையின்கீழ் நண்பகலில் பாவிக்கவேண்டியிருந்தால் மேசையில் வைத்துப் பாவிக்கவேண்டும். மெத்தையிலும் தலையணையிலும் வைத்தால் காற்றுத் துவாரம் அடைபடும். செந்தூசு விசிறியில் படிவதால் வருடத்துக்கு ஒரு தடவையாவது திறந்து துப்பரவாக்குவிக்க வேண்டும். எறும்பு புகுவதும் உண்டு. சாப்பாட்டை அதனருகே வைக்காதீர்கள். அடிப்பக்கம் வீங்கினாலோ, சுட்டுப்பலகை மேலெழுந்தாலோ பற்றரி ஊதிவிட்டது என்று பொருள். உடனே நிறுத்தித் திருத்துபவரிடம் கொடுங்கள். அதைக் குத்தவோ, குப்பையோடு எரிக்கவோ கூடாது, தீப்பிடிக்கும்.

சித்திரை, ஐப்பசி மாத இடிமழை நேரத்தில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிச்சை அணைத்தால் மட்டும் போதாது.

மின்கம்பி இன்னும் எட்டாத வீடுகளில் சூரியத் தகட்டிலிருந்தும் இயக்கலாம். 12 வோல்ற், 60 அம்பியர் மணி பற்றரி ஒன்றில் 720 வாற் மணி இருக்கும். அது கெடாமலிருக்க அரைவாசியைத்தான் எடுக்கவேண்டும், அதாவது 360. சாதாரண மடிக்கணினியின் பற்றரி 45 முதல் 50 வாற் மணி. இடையில் வீணாவதைக் கழித்தாலும் ஆறு தடவை நிரப்பலாம். இரவு விளக்குக்கும் போதும்.

தவணைக்கு எடுப்பவர்கள் மாதக் கட்டணத்தைப் பார்க்காமல், மொத்தமாக எவ்வளவு கட்டி முடிக்கப்போகின்றோம் என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நுண்கடன் எமது பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பதை இங்கே விவரிக்கத் தேவையில்லை. வரட்சி பாதித்த மாவட்டங்களில் அக்கடன்களில் ஒரு பகுதியை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. கடன்பட்டு வாங்குவதைவிட, அறுவடை முடியும்வரை பொறுத்துக் கைக்காசில் பாவித்ததொன்றை வாங்குவது மேல்.

ஆவணங்கள்

கணினி வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் படம் பார்க்குமுன் செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்கு வந்தவர்களில் பலர் பிறப்புச் சான்றிதழும் காணிப் பத்திரமும் இல்லாமலே வந்தனர். பின்னர் ஒவ்வொரு பிரதியையும் பெற அலைந்த அலைச்சல் இன்னும் சில வீடுகளில் முடியவில்லை. ஆகவே காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பெற்ற அனுமதிப்பத்திரம், உறுதி, பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், பரீட்சைப் பெறுபேறுகள் ஆகிய எல்லாவற்றையும் தொலைபேசியால் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக் கணினியில் ஒரே கோப்புறையில், ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு வையுங்கள். படப்பிரதி மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் அதிலுள்ள இலக்கமும் திகதியும் இருந்தால் திணைக்களத்தில் மூலப்பதிவைத் தேடுவது பெரிதும் இலகு.

விண்ணப்பக் கடிதங்களை யூனிகோட் எழுத்தில் தட்டச்சிடுங்கள். பாமினியில் எழுதியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத்தான் தெரியும்.

அந்தக் கோப்புறையை இரண்டு பென் டிரைவ்களில் பிரதிசெய்யுங்கள். ஒன்று வீட்டில் மூலப் பத்திரங்களோடு இருக்கட்டும். மற்றதை வேறு ஊரிலுள்ள, நீங்கள் நம்பும் சகோதரர் வீட்டில் கொடுத்துவைத்து, வருடத்துக்கு ஒரு தடவை போகும்போது திறந்து பார்த்துப் புதியவற்றைச் சேர்த்துவிட்டு வாருங்கள்.