கை வீக்கத்துக்கு லேசர்: எவ்வளவு நம்பலாம்?

மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்தும் அந்தப் பக்கத்துக் கை வீங்கலாம். வளையல் இறுகும், ரவிக்கையில் ஒரு கை மட்டும் பிடிக்கும். வேலை அதிகம், அதனால்தான் என்று பல பெண்கள் தள்ளிப்போடுகிறார்கள். தயவுசெய்து தள்ளாதீர்கள். அமுக்கினால் குழி விழும் அளவுக்கு மெத்தென்று இருக்கும்போது வீக்கத்தைக் குறைப்பது எளிது. நாளானால் தோலுக்கடியில் நாரும் கொழுப்பும் சேர்ந்து கெட்டியாகிவிடும்.

கோளாறு அக்குளில். கையிலிருந்து திரும்பும் நிணநீர், அங்குள்ள நிணநீர் முடிச்சுகள் வழியாகத்தான் போக வேண்டும். ஆபரேஷனில் அவற்றை எடுத்தாலும், அங்கே கதிர்வீச்சு கொடுத்தாலும் அந்த வழி கெடுகிறது. மிச்சமிருக்கும் பாதையைத் தழும்பும் இறுக்கிப் பிடிக்கிறது.

அதனால்தான், வீங்கியிருப்பது முன்கையே ஆனாலும் லேசரைப் பெரும்பாலும் அக்குளில் காட்டுகிறார்கள். இது வெட்டுகிற லேசர் இல்லை, சுடாது, வலிக்காது. பல கருவிகளில் 904 நானோமீட்டர் அலைநீளம், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கருவியின் முனையைத் தோலில் வைத்து, ஒரு நிமிடம் போலப் பிடித்து, அடுத்த புள்ளிக்கு நகர்த்துவார்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். ஒளி பட்டால் தழும்பு இளகும், நிணநீர்க் குழாய்களின் ஓட்டம் கூடும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

பலன்? 2003-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியான ஆய்வு இதில் முக்கியமானது. சிலருக்கு ஒளியே வராத போலிக் கருவி. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. வாரம் 3 முறை, 3 வாரம் என்பது ஒரு சுற்று. ஒரு சுற்றோடு நின்றவர்களுக்குப் போலிக் கருவியைவிடப் பெரிய லாபம் இல்லை. இரண்டு சுற்று எடுத்தவர்களில், சில மாதம் கழித்துச் சுமார் மூன்றில் ஒருவருக்குக் கையின் கனஅளவு 200 மில்லிக்கும் மேல் குறைந்திருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் 2006-இல் இந்த வீக்கத்துக்கென ஒரு லேசர் கருவியை அனுமதித்தது.

மீதி இரண்டு பங்குப் பேரையும் மறக்கக் கூடாது. லேசர் துணை மருத்துவம்தான். பேண்டேஜ் கட்டுவது, கையை இறுக்கிப் பிடிக்கும் உறையான கம்ப்ரஷன் ஸ்லீவ், நிணநீரை வடிக்கும் மென்மையான மசாஜ், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவைதான் இன்றும் அடிப்படைச் சிகிச்சை. லேசர் எடுக்கிறோமே என்று ஸ்லீவைக் கழற்றி வைத்தால் வீக்கம் திரும்பிவிடும்.

திடீரென்று வீங்கினால் முதலில் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். நோய் திரும்பியிருக்கிறதா, ரத்தக்கட்டா என்று தெரிய வேண்டும். புற்றுக் கட்டி இருக்கும் இடத்தில் லேசர் காட்டக் கூடாது. கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்று. அன்றே ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

லேசர் தொடங்குகிற அன்று இரண்டு கைகளையும் ஒரே இடங்களில் டேப்பால் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். சுற்று முடிந்ததும், இரண்டு மூன்று மாதம் கழித்தும் அதே இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். பணம் கட்டித் தொடரலாமா என்பதை அந்த அளவுகளை வைத்து முடிவு செய்யுங்கள்.