பதின்மூன்றே முக்கால் வயதுப் பையனின் நாட்குறிப்பு

நாட்குறிப்பு என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை. 1736ஆம் ஆண்டு தொடங்கி 1761 வரை, கால் நூற்றாண்டு காலம், தாம் கண்டதையும் கேட்டதையும் அவர் எழுதிவைத்தார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்தவர் ஆதலால் அரசியலும் வணிகமும் அந்த ஏடுகளில் நிறைந்து கிடக்கின்றன.

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பதும் ஒரு நாட்குறிப்பைத்தான். ஆனால், இதை எழுதியவன் பெரிய மனிதன் அல்லன். முகத்தில் பரு வந்துவிட்டதே என்று கவலைப்படும் பள்ளிக்கூடப் பையன். அவன் உண்மையில் பிறந்தவனும் அல்லன். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துப் பெண் ஒருவரின் கற்பனையில் உருவானவன். அவன் பெயர் அட்ரியன் மோல். அவனைப் படைத்தவர் சூ டவுன்சென்ட். நூலின் பெயரைத் தமிழில் சொல்வதானால், ‘பதின்மூன்றே முக்கால் வயது அட்ரியன் மோலின் இரகசிய நாட்குறிப்பு’ என்று சொல்லலாம். 1982 ஒக்டோபரில் வெளிவந்த இந்த நாவல் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குச் சென்றிருக்கிறது.

வானொலியில் இந்த நாவலைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. அட்ரியன் மோல் பரவலாக அறிமுகமானதே வானொலியில்தான். அச்சுப் புத்தகம் பின்னால் வந்தது. அந்தக் கதையைச் சொல்லுமுன் ஆசிரியரைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

சூ டவுன்சென்ட் 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி லெஸ்டரில் பிறந்தார். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார், பதினெட்டில் திருமணம். மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பின் கணவர் பிரிந்து போக, கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து பிள்ளைகளை வளர்த்தார். இவற்றுக்கு நடுவே, பிள்ளைகள் உறங்கிய பிறகு, எவருக்கும் சொல்லாமல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதை மறைத்துவைக்கும் வழக்கம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. 1970களின் இறுதியில் லெஸ்டர் பீனிக்ஸ் அரங்கின் எழுத்தாளர் வட்டத்தில் சேர்ந்த பிறகுதான் அவருடைய எழுத்து வெளிச்சத்துக்கு வந்தது.

அட்ரியனின் குரல் அவருக்குக் கிடைத்த விதம் சுவையானது. ஒருநாள் அவருடைய மூத்த மகன், மற்றக் குடும்பங்களைப் போல நாமும் ஏன் விலங்குகள் பார்க்கும் பூங்காவுக்குப் போவதில்லை என்று குறைப்பட்டுக் கேட்டானாம். கையில் காசில்லாத வீட்டில், காசைப் பற்றி எதுவும் பேசாமல், தன் குடும்பத்தின் தரத்தைப் பற்றி ஒரு சிறுவன் விடுத்த முறைப்பாடு அது. அந்தத் தொனிதான் நாவல் முழுவதும் கேட்கிறது.

முதலில் அந்தப் பையனின் பெயர் நைஜல் மோல். 1982 ஜனவரி 2ஆம் திகதி பீ.பீ.சீ. வானொலி 4இல் நைஜல் மோலின் நாட்குறிப்பு ஒரு சிறு நாடகமாக ஒலிபரப்பாயிற்று. கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போக, மெதுவன் என்ற பதிப்பகம் நூலாக்க முன்வந்தது. ஆனால், பெயரில் ஒரு சிக்கல் இருந்தது. ஜெஃப்ரி வில்லன்ஸ் எழுத, ரொனால்ட் சேர்ல் படம் வரைந்து, 1950களில் புகழ்பெற்ற பள்ளிக்கூட நகைச்சுவை நூல்களின் நாயகன் பெயர் நைஜல் மோல்ஸ்வர்த். குழப்பம் வேண்டாமென்று நைஜல், அட்ரியன் ஆனான்.

அந்த நாடகத்துக்கு வாய்ப்பளித்தவர் பீ.பீ.சீ. வானொலி நாடகப் பிரிவின் ஜோன் டைட்மன். நாவலுக்குள் அட்ரியன் தன் கவிதைகளை பீ.பீ.சீ.க்கு அனுப்பி வதைக்கிறான்; பொறுமையோடு பதில் எழுதும் அதிகாரியின் பெயரும் ஜோன் டைட்மன்தான். தமக்குக் கதவைத் திறந்தவரைக் கதைக்குள் ஒரு பாத்திரமாக உட்காரவைத்து நன்றிக்கடன் தீர்த்திருக்கிறார் ஆசிரியர்.

‘முக்கால்’ என்ற கணக்கும் வெறும் வேடிக்கை அல்ல. நாட்குறிப்பு 1981 ஜனவரி முதலாம் திகதி தொடங்குகிறது. அட்ரியன் பிறந்தது ஏப்ரல் 2. எனவே அன்று அவனுக்குப் பதின்மூன்று வயதும் ஒன்பது மாதமும் நிறைய ஒரு நாள்தான் குறைவு. தம்முடைய பிறந்த நாளையே டவுன்சென்ட் அவனுக்கும் கொடுத்திருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

இனி, இந்த நாவலின் நகைச்சுவை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அட்ரியன் தன்னை ஓர் அறிவுஜீவி என்று நம்புகிறான். பெரிய நூல்களைப் படிக்கிறான், கவிதை எழுதுகிறான், பண்டோரா என்ற மாணவி மீது காதல் கொள்கிறான். அயல்வீட்டு லூக்கஸ் தன் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோவதையும் எழுதிவைக்கிறான். அதன் பொருள் மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. வாசிக்கிற நமக்கு விளங்கிவிடுகிறது. எழுதுகிறவனுக்குத் தெரியாதது வாசிப்பவனுக்குத் தெரிந்திருப்பதே இவ்வகை எழுத்தின் உயிர்நிலை. அந்த இடைவெளியில் முதலில் சிரிப்பு வருகிறது. பிறகு தாய் லூக்கஸுடன் ஷெஃபீல்டுக்குப் போய்விடுகிறார். தந்தை வேலை இழக்கிறார். வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. அப்போது அதே இடைவெளியில் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

1981 இங்கிலாந்தில் மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்த காலம். வேலையின்மை பெருகியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் இளவரசர் சார்ள்ஸின் திருமணம் கோலாகலமாக நடந்தது. இரண்டையும் ஒரே நாட்குறிப்பில், ஒரே கவலை முகத்தோடு அட்ரியன் பதிவு செய்கிறான். அரசியல் கட்டுரை எழுதாமலே ஒரு காலத்தைக் காட்டிவிட்டார் டவுன்சென்ட்.

நூல் வெளிவந்த பின் நடந்த உருமாற்றங்கள் பல. இரண்டாம் பாகம் 1984இல் வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் லெஸ்டரிலும், டிசெம்பரில் லண்டனிலும் பாடல்களோடு கூடிய மேடை நாடகமாயிற்று. 1985இல் தேம்ஸ் தொலைக்காட்சி தொடராகத் தந்தது. கியன் சம்மார்கோ என்ற சிறுவன் அட்ரியனாகவும், ஜூலி வால்டர்ஸ் தாயாகவும் நடித்தார்கள். 1987இல் வந்த இரண்டாம் தொடரில் பாடகி லூலு தாயானார். வளர்ந்த அட்ரியனின் கதை 2001இல் பீ.பீ.சீ. தொலைக்காட்சியில் வந்தது. 2015இல் லெஸ்டரில் புதிய இசை நாடகம் ஒன்று அரங்கேறி, 2019இல் லண்டன் வெஸ்ட் எண்ட் வரை சென்றது. ஆசிரியரோ நீரிழிவினால் 2001இல் பார்வை இழந்தார். அதன் பின்னும் எழுதினார். 2009இல் வந்த நூலே அட்ரியன் வரிசையின் இறுதி நூல். 2014 ஏப்ரலில் அவர் காலமானார்.

இத்தனை வடிவங்களிலும் வானொலிக்கே இந்தக் கதை மிகப் பொருந்துவது என்பது என் கருத்து. மேடையிலும் திரையிலும் தாயின் முகம் தெரிகிறது. லூக்கஸின் முகம் தெரிகிறது. பார்த்த உடனே உண்மை வெளிப்பட்டுவிடும். வானொலியில் பையனின் குரல் மட்டும்தான். அவன் காணத் தவறியதை நாம் காதால் கண்டுபிடிக்க வேண்டும். வானொலி நகைச்சுவையின் வலிமை நமக்குப் புதிதல்ல. எஸ். ராம்தாஸின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ இலங்கை வானொலியில் பெற்ற செல்வாக்கினால்தான் 1976இல் ‘கோமாளிகள்’ திரைப்படமாயிற்று.

இவ்வளவும் நூலைப் பற்றியது. இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றியது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நான் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கண்டியில் நடைபாதைக் கடையொன்றில் பழைய பிரதியாக வாங்கிய இந்த நாவலை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தேன். அந்த உற்சாகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு மாதம் நாட்குறிப்பு எழுதச் சொன்னேன். பெரும்பாலானோர் காலையில் எழுந்தேன், பீலியில் முகம் கழுவினேன், பாடசாலைக்கு வந்தேன் என்றுதான் எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தான்.

அவனுடைய தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். தந்தைதான் சமையல். ஒருநாள் சோறு வடிக்கப் போன தந்தை, ஏதோ யோசனையில் கஞ்சியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சோற்றைக் கானில் கொட்டிவிட்டார். பையன் அதைச் சிரிக்காமல் எழுதியிருந்தான். கஞ்சியும் உடம்புக்கு நல்லதுதான் என்று தந்தை விளக்கம் சொன்னதையும், அன்றிரவு தாய் தொலைபேசியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க, சோறும் பருப்பும் என்று தான் பதில் சொன்னதையும் எழுதியிருந்தான்.

எனக்குப் புதையல் கிடைத்தது போலிருந்தது. பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு அதை வகுப்பில் உரத்து வாசித்தேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பையன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மாலைக்குள் கதை லயம் முழுவதும் பரவிவிட்டது. அவன் தந்தைக்கு ‘கஞ்சிக்காரர்’ என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பிள்ளை அதன் பின் கொப்பியைக் கொண்டுவரவில்லை. கேட்டபோது, “மழையில நனைஞ்சிருச்சு சேர்” என்றான்.

நூலின் தலைப்பில் ‘இரகசிய’ என்ற ஒரு சொல் இருக்கிறது. அதை நான் வாசிக்காமல் விட்டுவிட்டேன். அட்ரியன் மோல் இல்லாத பையன். அவனைப் பார்த்து எவ்வளவும் சிரிக்கலாம். அவனுக்குப் பின்னால் நின்று, எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்தவர் வறுமையை அறிந்த ஒரு தாய். என் மாணவனுக்குப் பின்னால் அப்படி எவரும் இல்லை. அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டியவன் நான்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இரகசியம் என்பது எளிதில் கிடைக்கும் பொருள் அல்ல. பதுளை மாவட்டத்தில் 1934இல் பிறந்து, தாம் படிப்பித்த தெளிவத்தை தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், ‘மீன்கள்’ என்ற சிறுகதையில் லயக் காம்பராவின் இட நெருக்கடி ஒரு குடும்பத்தை எப்படிக் கூனிக்குறுக வைக்கிறது என்று காட்டினார். 2022இல் மறைந்த அவரை நான் வகுப்பில் பலமுறை படிப்பித்திருக்கிறேன். ஒரு காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் பிள்ளைக்குக் கதவுள்ள இடம் அந்தக் கொப்பி ஒன்றுதான் என்பது மட்டும் அன்று எனக்குப் புரியவில்லை.

இப்போது நான் இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். ஆண்டுதோறும் நாட்குறிப்பு எழுதச் சொல்வதை விடவில்லை. ஆனால் கொப்பிகளைச் சேர்ப்பதில்லை. எழுதிய பக்கங்களின் எண்ணிக்கையை மட்டும் தூரத்தில் நின்று பார்ப்பேன். வாசித்துக் காட்ட விரும்புபவர்கள் தாங்களாக எழுந்து வாசிக்கலாம். சில ஆண்டுகளில் ஒருவரும் எழுந்திருப்பதில்லை.

அந்தப் பையனைச் சில வருடங்களுக்கு முன் பதுளை பஸ் நிலையத்தில் கண்டேன். கொழும்பில் கடையொன்றில் வேலை என்றான். தாய் திரும்பி வந்துவிட்டாராம். பஸ் புறப்படுவதற்குள் பழைய கதையை எடுத்து மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல சேர்” என்று சிரித்தான்.

நான் அதை நம்பவில்லை. பஸ் ஏறும்போது என் பையைத் தூக்கித் தந்தான்.