பழைய படகு மோட்டாரை நம்பலாமா?

கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளடங்கிய அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியிருப்பவர்களுக்குப் படகு மோட்டாரைப் பற்றிய விசாரம் எதற்கு என்று ஒரு காலத்தில் யாரேனும் கேட்டிருந்தால், அது நியாயமான கேள்வியாகவே தோன்றியிருக்கும். ஆனால் 2015 டிசம்பர் முதல் வாரத்தில், பூந்தமல்லிக்கு அருகே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டு, அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் மூழ்கி, மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிவந்து ஜனங்களை மீட்ட பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளத்தைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகும், அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போய்விட்டது. ஒரு சிறு படகும் அதற்கொரு மோட்டாரும் தெருவுக்குப் பொதுவாக இருந்தால் என்ன என்று யோசிக்கிறவர்கள் இன்று உண்டு; புதிய மோட்டாரின் விலையோ லட்ச ரூபாயைச் சுலபமாகத் தாண்டிவிடுவதால், அவர்களுடைய யோசனை இயல்பாகவே பழைய மோட்டாரின் பக்கம் திரும்புகிறது.

படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டி, கயிற்றை இழுத்துக் கிளப்பி, வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் சுமந்து செல்லத்தக்க இந்த யந்திரத்தை வியாபாரப் பொருளாக வெற்றி பெறச் செய்தவர்களில் முக்கியமானவர், 1909-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் தம் தொழிலைத் தொடங்கிய ஓலே எவின்ரூட். அவர் பெயரைத் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020-இல் நின்றுவிட்டது. பேர்பெற்ற மோட்டாராயிற்றே என்று வாங்குகிறவர், உதிரி பாகம் கிடைக்குமா என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது இதனால்தான் அவசியமாகிறது.

மோட்டாரின் வயதைக் கேட்டறிவதில் எல்லோரும் காட்டும் சிரத்தையை, அது எத்தனை காலம் ஓடாமல் கிடந்தது என்று கேட்பதில் காட்டுவோமானால் பாதி ஏமாற்றம் குறைந்துவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம். கடலோரக் குப்பத்தில் நாள்தோறும் ஓடி, மேல்மூடியின் வர்ணமெல்லாம் உரிந்து, பார்வைக்குப் பரிதாபமாக நிற்கும் மோட்டார், மாடிப்படிக்கு அடியில் சாக்குப் போர்த்தி ஐந்து வருஷம் பத்திரமாக வைக்கப்பட்டதைவிடப் பெரும்பாலும் நம்பத்தக்கதாக இருக்கிறது. கிடப்பில் போட்ட யந்திரத்தில் கார்புரேட்டருக்குள் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக உறைந்து, ஊசித்துவாரங்களை அடைத்துவிடுகிறது. குளிர்நீரை இறைக்கும் ரப்பர்ச் சக்கரமாகிய இம்பெல்லரின் இதழ்கள் வளைந்தபடியே விறைத்துப்போகின்றன. இக்காலத்துப் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் கலந்திருப்பது இந்தச் சங்கடத்தை அதிகமாக்குகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவமுடையது; பழைய மோட்டார்களின் ரப்பர்க் குழாய்களோ அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. குழாயை விரலிடையே நசுக்கிப் பார்த்தால், கெட்டுப்போனது பிசுபிசுப்பாலோ வெடிப்பாலோ தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பரீட்சையை மோட்டார் கிளம்புவதற்கு முன்பே தொடங்க வேண்டும். விற்பவர் நாம் வருவதற்கு முன்பே அதை ஒருமுறை ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கக்கூடும் ஆதலால், மூடியைத் தூக்கியதும் சிலிண்டரின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது நல்லது. பிறகு பிளக்கைக் கழற்றி அதன் முனையைக் கவனிக்க வேண்டும்: வெளிர் பழுப்பு சுகத்தின் அறிகுறி, எண்ணெய்க் கசிவோடு கூடிய கருமை, எரிபொருள் முழுதும் எரியவில்லை என்பதற்கு அடையாளம், சுண்ணாம்பு போன்ற வெளுப்பு, யந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது என்பதற்குச் சாட்சி. பிளக் இருந்த துவாரத்தில் கம்ப்ரெஷன் மானியை முறுக்கிக் கயிற்றைச் சில முறை பலமாக இழுத்தால், அழுத்தம் எவ்வளவு என்று தெரியும். இரண்டு சிலிண்டர் மோட்டாரில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் பேதம் இருக்கலாகாது. பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறும் மீனவர் மோட்டார்களில் அழுத்தம் இயல்பாகவே சற்றுக் குறைவு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்தது கியர்ப் பெட்டி. கீழ்ப்புறத்துத் திருகைச் சற்றே தளர்த்தினால் முதலில் கசியும் சில துளிகளே போதும்: எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் சீல் பழுதாகி நீர் உள்ளே புகுந்துவிட்டது என்றும், விரலில் தேய்க்கும்போது மினுமினுவென்று உலோகத் துகள் ஒட்டினால் பற்சக்கரங்கள் தேய்கின்றன என்றும் கொள்ளலாம். விற்பதற்கென்று அவசரமாகப் புது எண்ணெய் ஊற்றுபவர்களும் இருப்பதால், சுத்தமான எண்ணெய் மட்டும் நற்சாட்சி ஆகிவிடாது.

தொழிற்பேட்டை நிழலில் வாழும் நமக்கு ஒரு பாக்கியம் உண்டு. தேய்ந்த புஷ்ஷையோ உடைந்த பிராக்கெட்டையோ எடுத்துக்கொண்டு அம்பத்தூரின் ஏதாவதொரு லேத் பட்டறைக்குப் போனால், மாதிரியைப் பார்த்தே கடைந்து கொடுத்துவிடுவார்கள். ஆயினும் பல பழைய சிறு மோட்டார்களில் புரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். நீருக்கடியில் மறைந்த மதிற்சுவரிலோ நிறுத்தி வைத்த ஸ்கூட்டரிலோ இறக்கை மோதும்போது, தான் முறிந்து பற்சக்கரங்களைக் காப்பாற்றுவதே அந்தச் சிறு ஊசியின் தர்மம். உறுதியாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு கெட்டியான எஃகில் அதைக் கடைந்து போட்டுவிட்டால், அடுத்த மோதலில் ஊசி நிற்கும், கியர்ப் பெட்டி நொறுங்கும். ஆகவே அந்த மோட்டாருக்கு விதித்த உலோகத்திலேயே நாலைந்து ஊசிகளைச் செய்து மூடிக்குள் வைத்துக்கொள்வதே விவேகம். இம்பெல்லரையும் தீப்பொறிக்கான காயிலையும் எந்த லேத்தும் கடைந்து தராது. அவை கிடைக்காத மோட்டாரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

நீர் நிரம்பிய டிரம்மில் நிறுத்திக் கிளப்பினால், பின்புறத்துச் சிறு துளையிலிருந்து நீர் விடாது பீய்ச்ச வேண்டும். நீரின்றி ஓட்டிக் காட்டுகிறேன் என்பவரை உடனே தடுத்துவிட வேண்டும், ஏனெனில் வறண்ட இம்பெல்லர் சில விநாடிகளிலேயே கருகத் தொடங்கிவிடும். வெள்ளநீரில் மிதக்கும் பாலிதீன் பைகள் நீர் உறிஞ்சும் வாயை அடைத்துவிடுவதையும் நினைத்துப் பார்த்தால், காற்றினாலேயே குளிரும் இரண்டு குதிரைசக்திச் சிறு மோட்டார்கள் தெருவெள்ளத்துக்கு உகந்தவை என்றே சொல்லத் தோன்றுகிறது.

டிரம்மில் காட்டிய சாமர்த்தியம் பாரம் இழுக்கும்போதும் நிலைக்கிறதா என்பதை, விற்பவர் கடலோரத்தவரானால் அவருடைய படகிலேயே மாட்டி, மூன்று நான்கு பேர் அமர்ந்து, அரைமணி நேரம் ஓட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும். அதன்பின் நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் மறுபடி கயிற்றை இழுக்க வேண்டும். பழுதான காயில் குளிர்ந்திருக்கையில் ஒழுங்காகத் தீப்பொறி தந்துவிட்டுச் சூடேறியதும் மௌனமாகிவிடும் இயல்புடையது. வாசலுக்கு வாசல் நிறுத்தி முதியவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்ப வேண்டிய வெள்ளக் காலத்தில், மோட்டாரைக் கிளப்புவதெல்லாம் பெரும்பாலும் சூட்டில்தான்.